மண்ணுக்கு முன் தண்ணீர்: மலைநாட்டில் நிலத்தைப் பலப்படுத்தும் வேலை

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு இறங்கும் வீதியில் போகிறவருக்குக் கண்ணில் படுவது தேயிலை மலைகளும் தோட்டத் தொழிலாளரின் லயன் கூரைகளும் எட்டத்தில் விழும் நீர்வீழ்ச்சிகளுந்தான். அந்த மலைக்குள் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் ஓடுகிறது. தலவாக்கலையில் 35.5 மீற்றர் உயரத்தில் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் அதன் வழியே வந்து, பூண்டுலோயாவுக்கு அருகே நியங்கந்தொரவில் பாறைக்கு அடியில் குடைந்த மின்நிலையத்தில் நானூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு விழுகிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் இது. உற்பத்தித் திறன் 150 மெகாவோட். சென். கிளயர் நீர்வீழ்ச்சியின் தண்ணீர் என்ன ஆகும் என்று பல வருடங்கள் நடந்த வாக்குவாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பாறையைக் குடைந்த கையோடு இரும்புத் தண்டுகளை அறைந்து, கொங்கிரீட்டைப் பீய்ச்சி, வெடிப்புகளுக்குள் சிமெந்துக் கூழ் ஏற்றி மலையைத் தன் எடையைத் தானே தாங்கும்படி செய்த வேலையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

பெரிய கட்டுமானம் எதுவானாலும் முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது. கிடைத்த நிலம் பாரம் தாங்காது என்றால் பொறியியலாளருக்கு மூன்று வழி: வேறு இடம் பார்ப்பது, ஆழத் தூண் இறக்கிக் கெட்டிப் பாறையைத் தொடுவது, அல்லது இருக்கிற மண்ணையே மாற்றுவது. மூன்றாவது வழிக்குத்தான் நிலத்தைப் பலப்படுத்தல் என்று பெயர். இலங்கையில் கடந்த இருபது ஆண்டுகளில் அதற்குச் செலவான பணத்தில் பெரிய பங்கு கொழும்பைச் சுற்றிய தாழ்நிலத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே பழகிய கையோடு மலைநாட்டுக்கு வந்தால் பாதி வித்தை பலிக்காது. ஏன் பலிக்காது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதையின் நீளம் 25.8 கிலோமீற்றர். 2013 ஒக்டோபரில் திறந்தார்கள். அதன் பெரும்பகுதி முத்துராஜவெல சதுப்பின் ஓரமாகப் போகிறது. அழுகிய செடிகொடி பல நூற்றாண்டாகப் படிந்து கறுத்துப்போன பீட் மண், அதன் கீழே குழைந்த களி. இந்த மண்ணில் திடப்பொருளை விடத் தண்ணீர் அதிகம். மேலே மண்ணைக் கொட்டிப் பாதை போட்டால் பாரம் முதலில் மண்துகள்களின் மேல் விழுவதில்லை, இடையில் இருக்கும் தண்ணீரின் மேல் விழுகிறது. தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். களியில் அப்படி வெளியேற வருடக்கணக்கில், சில இடங்களில் தலைமுறைக்கணக்கில் ஆகும். பொறியியலாளர் கார்ல் டெர்சாகி இதைக் கணக்காக எழுதி வெளியிட்டது 1925இல். மண் பொறியியல் ஒரு தனித்துறையானது அந்த நூலுக்குப் பிறகு.

தலைமுறைக்கணக்கில் காத்திருக்க எந்த அரசுக்கும் பொறுமை கிடையாது. அதனால் வெளியேறும் வழியைச் சுருக்குகிறார்கள். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டிகளைத் துணி உறை போட்டு ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் இடைவெளியில் ஆயிரக்கணக்கில் செங்குத்தாகக் களிக்குள் செருகிவிட்டு, மேலே மண்ணைக் குவித்து அழுத்தம் கொடுப்பார்கள். தண்ணீர் பக்கவாட்டில் சிறிது தூரம் நகர்ந்து பட்டியைப் பிடித்து மேலே ஏறிவிடும். பச்சைக் கொழுந்தை வாட்டுத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு ஈரத்தை இழுக்கிற வேலைதான் இதுவும். அங்கே மணிக்கணக்கு, இங்கே மாதக்கணக்கு. கட்டுநாயக்கப் பாதையில் இந்தப் பட்டிகளோடு, பீட் மண்ணைத் தோண்டி எடுத்துக் கருங்கல் நிரப்பியும், பாலங்களின் ஓரங்களில் சரளைக்கல்லைத் தூண்களாக இடித்து இறக்கியும் நிலத்தைத் தயார் செய்தார்கள். 2011 நவம்பரில் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் இன்னொரு முரட்டு முறையும் கையாளப்பட்டது. பாரந்தூக்கியில் டன் கணக்கான எடையைத் தூக்கி உயரத்திலிருந்து விழவிட்டு நிலத்தை இடித்து இறுக்குவது. பிரான்சில் லூயி மெனார் 1960களின் இறுதியில் ஒழுங்கான முறையாக்கியது அது. கொழும்புத் துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரும் கடலிலிருந்து உறிஞ்சிக் கொட்டிய மணல். தளர்ந்து கிடக்கும் அந்த மணலை அதிரும் இரும்புக் குழாயை உள்ளே இறக்கி இறுக்கினார்கள். அந்தக் கருவி 1930களின் ஜெர்மனியில் பிறந்தது.

இந்த முறைகளுக்கும் எல்லை உண்டு. ஜப்பானின் கன்சாய் விமான நிலையத்தை 1994இல் கடலில் செய்த தீவின் மேல் திறந்தபோது, அடியிலிருந்த களியில் ஏறத்தாழ பத்து இலட்சம் மணல் வடிகால்களை இறக்கியிருந்தார்கள். மேல் படுக்கை நினைத்தபடி இறுகியது. அதற்கும் கீழே, வடிகால் எட்டாத ஆழத்திலிருந்த பழைய களியும் அமுங்கத் தொடங்கியதால் தீவு பத்து மீற்றருக்கு மேல் இறங்கிவிட்டது. கட்டடத்தின் தூண்களுக்கு அடியில் தகடுகளைச் செருகிச் சமன் செய்துகொண்டே விமானங்களை இறக்குகிறார்கள்.

இனி மலைக்கு வருவோம்.

பூண்டுலோயாவைச் சுற்றிய மலைகளின் எலும்பு கெட்டியானது. சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குக்கல் நரம்புகள்: எல்லாம் மிகப் பழைய பாறைகள். சிக்கல் எலும்பில் இல்லை, தோலில். பல இலட்சம் வருட மழையில் பாறையே மக்கி மண்ணாகி அதே இடத்தில் நிற்பது ஒரு வகை. மேலே எங்கோ எப்போதோ சரிந்து வந்து, கல்லும் மண்ணும் கலந்து மலையின் மடிப்புகளில் குவிந்து கிடப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் ஆபத்தானது. தேயிலைக்கு நல்ல மண். ஓரளவு தட்டையாகவும் இருக்கும். ஊற்றும் பக்கத்தில் இருக்கும். லயன் கட்ட இடம் தேடிய பழைய தோட்டத் துரைமாருக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைத்திருக்கும்? பழைய சரிவின் மேல் புதிய குடியிருப்பு என்பது மலைநாட்டில் தற்செயலாக நடந்ததல்ல.

மக்கிய மண்ணுக்கு ஒரு ஏமாற்று வித்தை தெரியும். பெக்கோ இயந்திரத்தால் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டிவிட்டாலும் வெயில் காலத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். துகள்களுக்கு இடையில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஈரம் அவற்றை உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். தண்ணீர் கூடக் கூட அந்தப் பிடி தளரும். மழை விடாது பெய்து இடைவெளி முழுவதும் தண்ணீர் நிறைந்துவிட்டால், இழுத்துப் பிடித்த அதே தண்ணீர் துகள்களைத் தள்ளிப் பிரிக்கத் தொடங்கும். மண்ணின் எடை குறையவில்லை, பிடி மட்டும் போய்விட்டது. "ஆறு மாதம் நின்ற மேடு அன்றைக்கு ராத்திரி எப்படி விழுந்தது" என்று சனங்கள் கேட்பதற்கு விடை இதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகளும் மழையைத்தான் பார்க்கின்றன: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம்.

ஆக, தாழ்நிலத்தில் மண்ணை இறுக்குவது பிரதான வேலை என்றால், மலையில் மண்ணுக்குள் தண்ணீர் தங்காமல் பார்ப்பதே பிரதான வேலை. இரும்பும் சிமெந்தும் அதற்குப் பிறகுதான் வரும். ஒப்பந்தங்களிலும் திறப்பு விழாக்களிலும் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகத் தெரிகிறது. கொங்கிரீட் சுவரைப் படம் பிடிக்கலாம்; மலைக்குள் போன வடிகால் குழாயைப் படம் பிடித்து என்ன காட்டுவது?

இதற்கு மலைநாட்டின் பாடப்புத்தக உதாரணம் வட்டவளை. ஹட்டனுக்குக் கீழே, ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டும் இடம். கொழும்பு–பதுளை ரயில் பாதை அங்கே ஒரு பழைய சரிவின் மேலேயே போடப்பட்டிருந்தது. மழைக்காலந்தோறும் தண்டவாளம் கொஞ்சம் நகரும், ரயில்வே ஆட்கள் திரும்ப நிமிர்த்துவார்கள். 1990களின் தொடக்கத்தில் நிலம் பெரிதாகவே நகர்ந்து பாதையை அறுத்தது. சுவர் கட்டித் தடுக்கக்கூடிய அளவல்ல அது. நகர்ந்தது ஒரு மலைச்சரிவு முழுவதும். கடைசியில் சரிவின் உடலுக்குள் நீண்ட வடிகால் துளைகள் போட்டு நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தினார்கள். மட்டம் இறங்கியதும் நகர்வும் அடங்கியது. அந்தத் துளைகள் எதையும் தாங்கவில்லை, தண்ணீரை மட்டும் வெளியே எடுத்தன.

வீதியோரச் சரிவுகளில் இப்போது பரவலாகக் காணும் கிடைத்துளை வடிகாலும் அதே குடும்பம். செய்முறை எளிது. சரிவின் அடியில் துளைப்பானை நிறுத்தி, மேல்நோக்கிச் சற்றே சாய்ந்த துளை ஒன்றை மலைக்குள் விடுவார்கள். ஐந்து பாகைச் சாய்வு போதும், தண்ணீர் தானாக வெளியே வரும். முப்பது மீற்றர், ஐம்பது மீற்றர், சில இடங்களில் அதற்கும் மேல். பழைய சரிவுக் குவியலில் துளைப்பது தலைவலி. மென்மையான மண்ணில் வேகமாகப் போகும் துளைமுனை திடீரென்று ஆளுயரக் கல்லில் முட்டி நிற்கும். துளையும் இடிந்து மூடும். அதனால் உறைக்குழாயோடு சேர்த்தே துளைத்துக்கொண்டு போய், உள்ளே கீறல்கள் போட்ட பி.வி.சி. குழாயைச் செருகிவிட்டு உறையை உருவி எடுப்பார்கள். முதலில் சேற்றுத் தண்ணீர் வரும், பிறகு தெளியும். ஒரே வரிசையில் பத்துக் குழாய் போட்டால் இரண்டில் குழாய்நீர் போலக் கொட்டும், மூன்றில் சொட்டும், மீதி வறண்டு கிடக்கும். மலைக்குள் தண்ணீர் எந்த வழியில் ஓடுகிறது என்பதைத் துளைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களில் குழாய் வாயில் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான சேறு படியும். நீரிலுள்ள இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிர்களின் கைவரிசை. அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவாவிட்டால் குழாய் அடைபட்டு, நீர்மட்டம் பழையபடி ஏறிவிடும்.

வடிகாலுக்கு அடுத்தது மண் ஆணி. 1972இல் பிரான்சின் வெர்சாய்க்கு அருகே ஒரு ரயில் வெட்டில் முதன்முதலாகப் பயன்பட்ட முறை. மேலிருந்து கீழாகப் படிப்படியாக வெட்டிக்கொண்டு வரும்போதே, ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் இடைவெளியில் துளைகள் போட்டு, தடித்த முறுக்குக் கம்பியை நுழைத்துச் சிமெந்துக் கூழால் நிரப்புவார்கள். கம்பி முதலில் எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை. மண் நகர முயலும்போதுதான் அதற்கு வேலை. இழுத்துப் பூட்டிய நங்கூரக் கம்பி வேறு; அது பாறைக்குள் வேர்விட்டு, போட்ட நாளிலிருந்தே மலையைப் பின்னுக்கு இழுக்கும். செலவும் அதிகம். ஆணி போட்ட முகத்தைக் கொங்கிரீட் தெளித்து மூடுவது ஒரு வழி. கம்பி வலை விரித்துப் புல் வளர்ப்பது இன்னொரு வழி. நீலகிரியின் மலைவீதிகளில் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை ஆணியோடு புல் வளர்ப்பதைச் செய்து பார்த்திருக்கிறது. கொங்கிரீட் முகத்தில் நீர்வடியும் துளைகளை மறந்தால் சுவருக்குப் பின்னே ஒரு குளம் உருவாகும். சுவர் விழுந்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி அந்தக் குளந்தான். கம்பிக்கூடைக் கல்லணைக்கு இந்தக் கவலை இல்லை. கல் இடைவெளியில் தண்ணீர் தானே போய்விடும், கொஞ்சம் வளைந்தாலும் உடையாது. அழகில்லை என்பது உண்மை. ஆனாலும் சின்னச் சரிவின் காலடிக்கு அதைவிட நம்பகமான மலிவான வேலை குறைவு.

இலங்கையில் இவை பெரிய அளவில் வந்தது வெளிநாட்டுக் கடனோடு. ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் 2013இல் தேசிய வீதிகளின் சரிவுகளைப் பாதுகாக்கக் கடன் கொடுத்தது; வேலை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 80 மில்லியன் டொலர் ஒப்புக்கொண்டது. அதில் 147 இடங்கள்; பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. இரண்டாவது திட்டத்தில் வீதியோடு பாடசாலை, குடியிருப்பு போன்றவையும் சேர்ந்தன என்பது குறிப்பிடத்தக்க மாற்றம். அதுவரை பலப்படுத்தப்பட்ட மலை என்றால் வாகனம் போகும் மலை என்றுதான் பொருள்.

தண்ணீரை வெளியேற்றுவது எப்போதும் நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது. பண்டாரவளைக்கு அது நன்றாகத் தெரியும். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்தை இயந்திரம் குடைந்துகொண்டு போனபோது, 2014 டிசம்பரில் பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் வெடித்தது. அரிச்சுவடி ஒன்றே: மண்ணிலிருந்து தண்ணீர் போனால் துகள்கள் நெருங்கும், நிலம் அமுங்கும். சரிவுக்கு மருந்தானது சமநிலத்து வீட்டுக்கு நஞ்சானது. சுரங்கத்தில் இதைத் தடுக்கக் கைக்கொள்ளும் முறை முன்கூட்டிச் சிமெந்துக் கூழ் ஏற்றுவது. குடையும் முகத்துக்கு முன்னால் விசிறி போல நீண்ட துளைகள் விட்டு, அழுத்தத்தில் கூழை ஏற்றி வெடிப்புகளை அடைத்த பிறகே இயந்திரத்தை நகர்த்துவது. வேலை மெதுவாகும், செலவு ஏறும். தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்த பிறகு அடைப்பதோ அதைவிடப் பலமடங்கு கடினம். 2017இல் பண்டாரவளைச் சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். 120 மெகாவோட் திட்டம் கடைசியில் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

கூழ் ஏற்றலின் வல்லமையும் வரம்பும் ஒருசேரத் தெரிவது சமனலவெவவில். பலாங்கொடைக்குத் தெற்கே, வளவை ஆற்றின் குறுக்கே நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்த அணை. வலது கரை மலைக்குள் சுண்ணாம்புக்கல்; அதில் தண்ணீர் கரைத்த பொந்துகள். அடைக்கவென்று மலைக்குள் சுரங்கம் வெட்டி, அங்கிருந்து ஆழமாகத் துளைத்துக் கூழ் ஏற்றி ஒரு நிலத்தடித் திரை எழுப்பினார்கள். 1992 ஒக்டோபரில் நீர்த்தேக்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது வலது கரையில் அணைக்குக் கீழே மலை பிய்த்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. அணை தப்பியது, கசிவு நிற்கவில்லை. 1990களின் இறுதியில் வேறு வழியில் முயன்றார்கள். நீர்த்தேக்கத்தை வடிக்காமலே, தண்ணீர் நுழையும் கரையோரத்தில் இலட்சக்கணக்கான கன மீற்றர் களிமண்ணைப் படகுகளிலிருந்து கொட்டி அடியில் ஒரு களிப் போர்வை விரித்தார்கள். கசிவு குறைந்தது, முற்றாக அடைபடவில்லை. கல்தோட்டை விவசாயிகளின் வயலுக்குப் போவது இன்று அந்தக் கசிவுத் தண்ணீரும்தான். தோல்வி என்று எழுதுவதா, வெற்றி என்று எழுதுவதா? முப்பது வருடத்துக்கு மேல் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. கசிவை அளப்பதும் ஒரு நாளும் நிறுத்த முடியாத வேலையாகிவிட்டது.

அணையும் சுரங்கமும் பெரிய இடத்துச் சமாசாரம். பூண்டுலோயாவில் நிலத்தைப் பலப்படுத்தல் என்ற கேள்வி அதிகம் எழும் இடம் வீடு. டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் 2018இல் கையளிக்கப்பட்டன. மலைநாட்டில் ஒரே இடத்தில் எழுந்த பெரிய குடியிருப்புகளில் அது ஒன்று. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம். வரிசை லயனிலிருந்து தனிவீட்டுக்குப் போவது என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் மலையில் தனித்தனித் தட்டு வெட்ட வேண்டும். ஒரு லயனுக்கு நீளமாக ஒரு வெட்டுப் போதும். இருபது தனிவீட்டுக்கு இருபது வெட்டு, இருபது மண் குவியல், இருபது கூரைத் தண்ணீர். வீட்டுரிமையோடு கூடவே வந்த பொறியியல் கேள்வி இது. உரிமையைப் பற்றி எழுதிய அளவுக்கு இதைப் பற்றி எழுதியவர்கள் இல்லை.

தட்டு வெட்டும்போது நடப்பது இதுதான்: பெக்கோ பின்பக்கத்தைத் தோண்டி, தோண்டிய மண்ணை முன்பக்கச் சரிவில் தள்ளிவிடும். பார்வைக்கு அகலமான தளம் கிடைத்துவிடும். பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணில், பாதி வீடு கொட்டிய இளக மண்ணில். இரண்டு மழைக்குப் பிறகு சுவரில் நடுக்கோடு போட்டாற்போல வெடிப்பு. சரிவு செங்குத்தானதாக இருந்தால் வெடிப்போடு நிற்காது.

இளக மண் என்ன செய்யும் என்பதை ஹொங்கொங் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1972 ஜூன் 18ஆம் திகதி ஒரே நாளில் சோ மாவ் பிங்கில் 71 பேரும், போ ஷான் வீதியில் 67 பேரும் மண்சரிவில் மாண்டனர். 1976இல் சோ மாவ் பிங்கில் மறுபடியும் சரிந்து 18 உயிர் போனது. சோ மாவ் பிங்கில் சரிந்தது இயற்கை மலையல்ல. குடியிருப்புக்காக அடுக்கடுக்காக இறுக்காமல் கொட்டிய மண். மழை ஊறியதும் அது கூழாகி ஓடியது. 1976 சரிவுக்கு அடுத்த வருடமே அங்கே சரிவுகளுக்கென்று தனி அலுவலகம் உருவானது. பழைய கொட்டுமண் சரிவுகளின் மேல் மூன்று மீற்றரைத் தோண்டி எடுத்து, மெல்லிய அடுக்குகளாக மறுபடி போட்டு இறுக்கும் வேலையை வருடக்கணக்கில் செய்தார்கள். இன்று ஹொங்கொங்கில் ஒவ்வொரு செயற்கைச் சரிவுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று பதிவும் உண்டு.

மண்ணை அடுக்கடுக்காக இறுக்குவதைவிட எளிய பலப்படுத்தல் முறை வேறில்லை. சரிவைப் படிக்கட்டாக வெட்டி, 200 முதல் 300 மில்லிமீற்றர் வரை ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, ஈரம் அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் பார்த்து உருளையை ஓட்ட வேண்டும். எந்த ஈரத்தில் மண் அதிகமாக இறுகும் என்பதை ரால்ஃப் புரொக்டர் 1933இல் கலிபோர்னியாவில் அணை கட்டும் வேலையில் வகுத்துக் கொடுத்தார். அந்தப் பரிசோதனைக்கு இன்றும் அவர் பெயர். பெரிய கருவி தேவையில்லை. கையால் தள்ளும் சிறிய இடியந்திரம் கூடச் சிறு தட்டுக்குப் போதும். தேவை நேரமும், மேற்பார்வைக்கு ஓர் ஆளும். சிறிய வேலைகளில் விட்டுப்போவது அநேகமாக இந்த இரண்டுந்தான்.

அரசு சும்மா இருக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடம் இப்போது பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்திருக்கிறது. அபாய வலயத்தில் கட்டுவதற்கு அந்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். ஆனால் வரைபடம் யாரையும் நகர்த்துவதில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று சொல்லப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயன்களை மூடியபோது சனங்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு இடம் யாரும் காட்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தை ஆணியடித்தும் குழாய் போட்டும் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்டால், அந்த அளவு சரிவுக்கு அது கட்டுப்படியாகாது என்பதே நேர்மையான பதில். சில நிலங்களுக்குச் செய்யக்கூடிய ஒரே சீர்திருத்தம் அவற்றை விட்டுப் போவது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இந்தக் கணக்கெல்லாம் ஒரே வாரத்தில் சோதிக்கப்பட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு அடுக்கடுக்காக வந்தது. மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. வெளியேற்ற எச்சரிக்கையின் 150 மில்லிமீற்றரை மிகச் சாதாரணமாகத் தாண்டிய மழை அது. இனி வடிகாலின் அளவையும் மதகின் அகலத்தையும் பழைய மழைக் கணக்கில் வகுக்க முடியாது.

இதற்கிடையில் மலைநாட்டின் மிகப் பழைய நிலப் பலப்படுத்தல் முறை ஒன்று சத்தமில்லாமல் கைவிடப்பட்டு வருகிறது. அது தேயிலை மலையின் கான். வெள்ளைக்காரத் தோட்டக்காரர் காலத்திலிருந்து சரிவுக்குக் குறுக்கே, மிக மெல்லிய சாய்வில் கான் வெட்டி, மழைத் தண்ணீரைப் பெரிய வடிகாலுக்கும் அங்கிருந்து ஓடைக்கும் கொண்டுபோனார்கள். கானுக்குள் இடைவெளி விட்டுத் தாழ்ந்த மண்வரம்புகள் இருக்கும். அடித்து வரும் மண் அவற்றின் பின்னால் தங்கும், மேல்தண்ணீர் வழிந்து போகும். தங்கிய மண்ணை அள்ளி மேலே போடாவிட்டால் கான் தூர்ந்து, தண்ணீர் அங்கேயே நின்று மலைக்குள் இறங்கும். வழிந்தோடவிட்டால் மேல்மண் போகும். தேங்கவிட்டால் மலையே போகும். இந்த இரண்டுக்கும் நடுவே கான் வெட்டுகிறவரின் மண்வெட்டி பிடிக்கும் சாய்வு, கிடைத்துளை போடும் பொறியியலாளரின் ஐந்து பாகைக்குக் கொஞ்சமும் குறைந்த கணக்கல்ல. கொழுந்து பறிக்கவே சம்பளமும் ஆளும் போதாத தோட்டங்களில் கான் வேலைக்கு ஆள் விடுவது குறைந்துவிட்டது. கைவிட்ட மலைகளில் மானா புல் மூடி, கான் எங்கே இருந்தது என்பதும் தெரியாது. கான் ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் வேர் இரண்டு மூன்று மீற்றர் ஆழம் போய் மேல்மண்ணைத் தைத்து வைக்கும். பழைய சரிவின் பத்துப் பதினைந்து மீற்றர் ஆழத்து வழுக்குத்தளத்தை அது எட்டாது. வெட்டிவேரைச் சர்வரோக நிவாரணியாக விற்பவர்கள் இந்த அளவைச் சொல்வதில்லை.

புதிய குடியிருப்புகளில் கானுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. வீட்டுத் தட்டுக்கு மேலே தேயிலை மலை. அது கம்பனியின் பொறுப்பு. வீட்டைச் சுற்றிய வாய்க்கால் குடும்பத்தின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில், மேலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து ஓடைக்குத் திருப்பும் பெரிய வடிகால் யாருடையது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க நீண்ட காலம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் செய்த திருத்தந்தான் அந்தக் கதவைத் திறந்தது. கதவு திறந்ததும் வரவு செலவுத் திட்டங்களில் கொங்கிரீட் பாதைக்கும் சமூக மண்டபத்துக்கும் இடம் கிடைத்தது. தட்டுக்கு மேலே நூறு மீற்றர் வடிகாலைக் கல் பாவித் துப்புரவாக வைக்க ஆகும் செலவு அவற்றோடு ஒப்பிட்டால் அற்பம். அந்த வடிகாலுக்கு இலக்கம் போட்டு, மே மாத மழைக்கு முன்பும் ஒக்டோபர் மழைக்கு முன்பும் தூர் எடுத்ததாகக் கையெழுத்து வைக்க ஒருவரை நியமிக்கும் வேலை கோட்டத்துக்குக் கோட்டம் இன்னும் பாக்கியாக இருக்கிறது.